மலைமுகடு முதல் கரிசல்வெளி வரை



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நான் பூகோளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைப் பற்றியது. அலபாமா மாநிலத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, வடக்கே அப்பலேச்சிய மலைத்தொடரின் கடைக்கோடி, அதனை அடுத்து மலையடி மேட்டுநிலம், நடுவே பிறைவடிவில் கருநிற மண்பகுதி, தெற்கே கடலை நோக்கிச் சரியும் சமவெளி என நான்காகப் பிரித்துக் காட்டினேன். கருநிற மண்பகுதியில் பருத்தி செழித்து விளைந்த வரலாற்றைக் கூறியபொழுது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து நின்றான். "சார், அந்தக் கறுப்பு மண்ணும் நம்ம ஊர்க் கரிசலும் ஒண்ணுதானா?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததை மறைக்கும்பொருட்டு, நானே எதிர்க்கேள்வி ஒன்றைத் தொடுத்தேன். "அதிருக்கட்டும், ஆனைக்குட்டம் அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்றேன். வகுப்பு முழுவதும் மௌனம். பிறகு ஒரு சிறுவன், "ஷட்டர்லயிருந்து சார்!" என்றான். எல்லாரும் சிரித்தோம். ஆயினும், வீடு திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது. மிசிசிப்பி ஆறு இட்டாஸ்கா ஏரியில் பிறக்கிறது என்பதை அப்பிள்ளைகள் பிழையின்றிச் சொல்வார்கள். தங்கள் ஊர் ஆறு பிறக்கும் இடத்தை அறியார்கள். அறியாமைக்குக் காரணம் அவர்கள் அல்லர், கற்பித்த நான்தான்.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடியதன் பயனே இன்றைய என் பேச்சு.

நமது விருதுநகர் மாவட்டம் 1985ஆம் ஆண்டு பழைய இராமநாதபுரம் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 4,240 சதுரக் கிலோமீட்டர். பழைய மாவட்டத்திற்கு நீண்ட கடற்கரை இருந்தது. பிரிந்து வந்த நமக்குக் கடல் இல்லை. ஆனால் மலை உண்டு. மேற்கே நெடிதுயர்ந்த மலைத்தொடர். கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான நிலம். இவ்விரண்டிற்கும் இடையே நிலம் மெல்ல மெல்லக் கிழக்கு நோக்கிச் சரிகின்றது. ஒரு விரிந்த முறத்தை மேற்குப் பக்கம் சற்றே உயர்த்திப் பிடித்தாற்போன்றது நமது மாவட்டம் எனலாம். இதனை மலைநிலம், மலையடி நிலம், கரிசல் சமவெளி, கீழ்த்திசைக் கண்மாய்நிலம் என நான்கு பகுதிகளாகக் கொள்வது பொருத்தமாகும்.

முதலாவதாக மலைநிலத்தைக் காண்போம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களுக்கு மேற்கே மதில்போல் நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இதன் முகடுகள் சில 1,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. மலையடியிலுள்ள சமவெளியோ 200 மீட்டர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை. சித்தர்கள் உறைவதாக மக்கள் நம்பும் சதுரகிரி இம்மலையில்தான் உள்ளது. சாம்பல்நிற அணில் வாழும் காடுகளைக் காப்பதற்காக 1980களின் இறுதியில் இங்கு ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் இதனையும் மேகமலைக் காடுகளையும் இணைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவித்தனர். புலியைக் காப்பதனால் நமக்கென்ன பயன் என்று வினவுவோர் உண்டு. புலி வாழ வேண்டுமாயின் காடு வேண்டும். காடு நின்றால் மழைநீர் சரிவில் உருண்டோடாமல் மண்ணில் இறங்கி, ஓடையாய்க் கசிந்து, பல நாள் நின்று வழங்கும். ஆகவே, புலிக்கு வகுத்த எல்லை நம் கண்மாய்களுக்கும் காவல் என்பதை மறந்துவிடலாகாது.

இம்மலை நமக்கு நீரைத் தருவதும் உண்மை. மழையை மறைப்பதும் உண்மை. ஜூன் மாதம் முதல் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. அக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்பொழுது குளிர்ந்து, கேரளப் பக்கத்தில் பெருமழையாகப் பொழிந்துவிடுகிறது. முகட்டைக் கடந்து நம் பக்கம் இறங்கும் காற்று வறண்ட காற்றே. ஆடி மாதத்தில் நம் ஊர்களில் புழுதி பறக்க, மேற்கே நோக்கினால் மலைமுகட்டில் கார்மேகம் கவிந்திருப்பதைக் காணலாம். பக்கத்து வீட்டில் விருந்து நடக்க, நம் வீட்டிற்கு மணம் மட்டும் வருவதைப்போன்றது இது. இதனையே மழைமறைவுப் பகுதி என்று பூகோள நூலார் கூறுவர். நமக்கு ஆண்டொன்றிற்குக் கிட்டும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் ஏறக்குறைய பாதி, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்வது. அந்தச் சில வாரங்கள் பொய்த்துவிட்டால் ஆண்டு முழுதும் பொய்த்தது போன்றதே.

இரண்டாவது, மலையடி நிலம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் தாம் கொணர்ந்த மண்ணையும் மணலையும் பரப்பிய செழிப்பான பட்டை இது. சேத்தூர், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகியவை இப்பட்டையில் வரிசையாக அமைந்திருப்பது தற்செயல் அன்று. செம்மண்ணும் வண்டலும் கலந்த இந்நிலத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும் மாவும் வளர்கின்றன. வத்திராயிருப்புக்கு மேற்கே, பிளவக்கல் என்னுமிடத்தில், பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு சிற்றாறுகளின் குறுக்கே அணைகள் உள்ளன. இங்குக் குறிப்பிடும் பெரியாறு, கேரளத்தில் ஓடும் பெரியாறு அன்று. நம் மலையிலேயே பிறந்து நம் நிலத்திலேயே இறங்குவது. இவ்வணைகளின் நீர் கண்மாய்க்குக் கண்மாய் மறுகால் பாய்ந்து செல்கின்றது. மேலக் கண்மாய் நிறைந்த பின்னரே கீழக் கண்மாய்க்கு நீர் வரும். முந்திய ஊரார் தம் கலுங்கைப் பழுதின்றி வைத்திருந்தால்தான் பிந்திய ஊரார் உண்ணலாம். ஒற்றுமையை இதைக்காட்டிலும் தெளிவாகப் போதிக்கும் பாடநூல் இல்லை.

மூன்றாவது, நம் மாவட்டத்திற்கு முகமும் குணமும் தந்த கரிசல் சமவெளி. சிவகாசி, சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து இது பரந்து கிடக்கிறது. கடல்மட்டத்திற்குச் சுமார் 100 மீட்டரும் அதற்குக் குறைவுமான உயரத்தில், மேடுபள்ளம் அதிகமின்றி, பனையும் உடையும் ஆங்காங்கே நிற்க, வானம் முழுவதும் தெரியும் நிலம். இம்மண் மிக நுண்ணிய களிமண். மழை பெய்தால் பருத்து உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அவ்வெடிப்புகளில் ஒரு முழக்கோலை விட்டால் அடிகாணாமல் இறங்கிவிடும். மேல்மண் அவ்வெடிப்புகளில் உதிர்ந்து விழ, மழைக்காலத்தில் நிலம் மீண்டும் மூட, மேலும் கீழும் மண் புரள்கிறது. கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்ளும் நிலம் என்று அறிஞர் கூறுவது இதனாலேயே.

பெய்த மழையை இம்மண் மாதக்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்ளும். ஐப்பசியில் விதைத்த பருத்தி, மழை நின்றபின்னும், மண்ணிலுள்ள ஈரத்தையும் பனியையும் கொண்டே காய்த்து வெடிக்கும். சோளம், கம்பு, உளுந்து, மல்லி, மிளகாய் ஆகியவையும் இவ்வாறே விளைகின்றன. இந்நிலத்தின் பருத்தியையும் மானாவாரிப் பயிர்களையும் ஆராய்வதற்காக, அண்டையிலுள்ள கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி இவ்வட்டாரத்திற்கே உரியது.

இனி, அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். அலபாமாவின் கருமண்ணும் நம் கரிசலும் ஒன்றா? நிறத்தில் உறவு, பிறப்பில் வேறு. அங்கே பண்டைக்காலத்தில் கடல் மூடியிருந்தது. அக்கடலடியில் படிந்த சுண்ணப்பாறையின்மேல் அம்மண் உருவாயிற்று. நம் நிலத்தின் அடியில் இருப்பதோ, மிகப் பழமையான நைஸ் என்னும் உருமாறிய பாறை. தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து பிறந்தது; நம் கரிசலுக்கு அந்தப் பிறப்பும் இல்லை. வறண்ட தட்பவெப்பத்தில், நீர் எளிதில் வடியாத தாழ்நிலத்தில், நைஸ் பாறை நீண்ட காலம் சிதைந்து உண்டானது நம் மண். வேறு வேறு தாய்க்குப் பிறந்தும் ஒரே குணம் பெற்ற பிள்ளைகள் இவை. இரண்டும் பருத்தியை வளர்த்தன. இரண்டும் காலில் ஒட்டிக்கொண்டு வழிப்போக்கனை நகரவிடாமல் செய்தன. இரண்டும் கிணறு தோண்டியவனை ஏமாற்றின. அலபாமாவில் குடியேறியவர்களும் மேல்மட்டத்தில் நல்ல நீர் கிட்டாமல், ஆழமாகத் துளையிட்டே நீர் எடுத்தார்கள்.

இந்தக் கிணற்றுக் குறையே கரிசல்நாட்டு வாழ்க்கையின் திறவுகோல். ஈரத்தைப் பிடித்துவைக்கும் மண், நீரைக் கீழே இறங்கவிடுவதில்லை. ஆகவே நிலத்தடி நீர் குறைவு. கிடைக்கும் நீரும் பல இடங்களில் உப்பு. இதனை உணர்ந்த நம் முன்னோர், குடிப்பதற்கென ஊருணிகளை வெட்டினர். கோடையில் ஊருணியும் வற்றியபொழுது ஆற்றுக்குச் சென்றனர். ஆற்றில் நீர் ஓடாது. ஆயினும் மணலுக்குள் நீர் இருக்கும். என் இளமையில், பங்குனி சித்திரை மாதங்களில், ஆனைக்குட்டத்துப் பெண்கள் விடியுமுன் அர்ச்சுனா நதி மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்பியதைக் கண்டிருக்கிறேன். அந்நீர் இளநீர்போல் இனிக்கும். மணல் என்பது வெறும் பொடிக்கல் அன்று; வெயிலுக்கும் ஆவிக்கும் எட்டாத நீர்த்தொட்டி அது.

நான்காவது, கீழ்த்திசைக் கண்மாய்நிலம். காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி ஆகிய பகுதிகளை இது உள்ளடக்கும். இங்கு ஆள்வது வைப்பாறு அன்று, குண்டாறு. மதுரை மாவட்டத்து மேற்கு மலைச்சரிவில் பிறந்து, திருமங்கலம் வழியாக வந்து, இரமண மகரிஷி பிறந்த ஊராகிய திருச்சுழியைத் தழுவிக் கிழக்கே செல்கிறது குண்டாறு. மலை இங்கிருந்து வெகுதொலைவு. ஆற்றிலும் வெள்ளம் அரிது. எனவே, பெய்த இடத்திலேயே மழையைத் தேக்கும் கண்மாய்கள் நெருங்கி அமைந்துள்ளன. மழை பெய்த ஆண்டில் நெல். பெய்யாத ஆண்டில் பிழைப்புத் தேடி வெளியூர். இதுவே அம்மக்களின் பஞ்சாங்கம்.

இந்நான்கு நிலங்களுள் முதல் மூன்றையும் ஒரே நூலில் கோப்பது அர்ச்சுனா நதி. பணி ஓய்வு பெற்றபின், ஒரு மாசி மாதத்தில், பழைய மாணவர் இருவருடன் அந்நதிக்கரையோடு நடந்து பார்த்தேன். மேற்கே வத்திராயிருப்பு மலையடிக்குச் செல்ல மூன்று நாள்; கிழக்கே இருக்கன்குடிக்குச் செல்ல இரண்டு நாள். முப்பது ஆண்டுகள் படத்தில் காட்டிய பாடத்தை என் கால்கள் ஐந்தே நாளில் எனக்குக் கற்பித்தன. வத்திராயிருப்பு மலைச்சரிவின் ஓடைகளே இந்நதியின் தாய். திருத்தங்கலுக்கு அண்மையில், எங்கள் ஆனைக்குட்டத்தில் அது அணையில் தேங்குகிறது. விருதுநகர் மக்கள் குடிக்கும் நீரில் ஒரு பங்கு இங்கிருந்து செல்வதே. பின்னர்க் கோல்வார்பட்டி அணையைக் கடந்து, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே வைப்பாற்றோடு கலக்கிறது. ஆடி வெள்ளியன்று கூடும் இலட்சக்கணக்கான மக்கள் வணங்குவது, உண்மையில், இரண்டு ஆறுகள் கூடும் இடத்தையுமாகும். வைப்பாறு அங்கிருந்து தூத்துக்குடி மாவட்டத்திற்குள் சென்று மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

குட்டம் என்னும் சொல்லுக்கு ஆழமான மடு என்பது பொருள். யானை இறங்கி நீராடத்தக்க மடு என்று எங்கள் ஊர்ப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். இன்று வறண்டு தோன்றும் ஆற்றில் ஒருகாலத்தில் அத்தகைய நீர்நிலை இருந்தது என்பதற்குப் பெயரே சாட்சி. வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டைக்கு அருகிலுள்ள விஜயகரிசல்குளத்தில் 2022ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வில், நுண்கற்கருவிகளும் சங்கு வளையல்களும் மணிகளும் கிடைத்தன. அந்த ஊரின் பெயரில் கரிசலும் உண்டு, குளமும் உண்டு. பழங்காலத்து மனிதன் இவ்வறண்ட நாட்டில் ஆற்றங்கரையையே தேர்ந்தெடுத்தான் என்பதை அவ்வூர் நமக்கு உணர்த்துகின்றது.

நிலம் கைவிட்டபொழுது மக்கள் சோர்ந்துவிடவில்லை. அலபாமாவின் தென்கிழக்கே என்டர்பிரைஸ் என்றொரு சிற்றூர் உண்டு. பருத்திக்காயைத் துளைக்கும் வண்டினால் வெள்ளாமை அழிந்தபொழுது அவ்வூரார் நிலக்கடலைக்கு மாறி முன்னேறினர். நன்றி மறவாமல் 1919ஆம் ஆண்டில் அந்த வண்டுக்கே நினைவுச் சின்னம் எழுப்பினர். நம் நாட்டில் வறட்சியே அந்த வண்டு. சிவகாசியிலிருந்து அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923ஆம் ஆண்டு ஊரில் தொடங்கினர். பட்டாசும் அச்சுத்தொழிலும் தொடர்ந்தன. இராஜபாளையத்தில் 1936ஆம் ஆண்டு நூற்பாலை எழுந்தது. விவசாயத்திற்குப் பகையான வறண்ட காற்றும் இடைவிடாத வெயிலும், தீக்குச்சியும் வெடியும் உலர்வதற்கு நண்பர்களாயின.

ஆயினும், வண்டுக்குச் சிலை வைத்ததுபோல வறட்சிக்குச் சிலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவை பல. அன்றைய தினம் ஆசிரியர் தினம் என்பதை நான் மறக்கவில்லை. கண்மாயில் நீர் நின்றால் காட்டுவேலைக்குச் செல்பவர், நீர் இல்லாததால் மருந்தறைக்குள் செல்கிறார். ஆகையால், நம் மாவட்டத்தில் நீரைப் பற்றிய பேச்சு பயிரைப் பற்றியது மட்டுமன்று. உயிரைப் பற்றியதும் ஆகும்.

என் நடைப்பயணத்தில் கண்டவற்றுள் இரண்டைச் சொல்லவேண்டும். ஒன்று, பல இடங்களில் ஆற்றில் மணலே இல்லை. களிமண்ணும் பாறையும் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. ஊற்றுத் தோண்டிய இடத்தை என்னால் அடையாளம் காண முடியவில்லை. மணல் போனபின் வெள்ளம் வந்தாலும் தங்க இடமில்லை. மற்றொன்று, சீமைக் கருவேல மரம். ஆற்றின் நடுவிலும் கண்மாயின் உள்வாயிலும் வரத்துக்கால்களிலும் அது அடர்ந்து நிற்கிறது. 2017ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றும்படி உத்தரவிட்டதை நேயர்கள் அறிவர். அதே மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகளும் நம் மாவட்டத்தில் உண்டு. ஆகவே, மரத்தை அகற்றும்பொழுது அவர்களுக்கு வேறு பிழைப்பையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஆனால் நீர் வரும் வழியில் நிற்கும் மரத்திற்கு யாரும் வாதாட முடியாது.

வறண்ட ஆறு செத்த ஆறு என்று எண்ணிவிடுவதும் பேராபத்து. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரி மலையில் பெய்த திடீர் மழையால் காட்டாற்றில் வெள்ளம் பெருகி, மலையேறிய பக்தர்கள் சிலரை அடித்துச் சென்றது. மலையில் பெய்யும் மழையைச் சமவெளியில் இருப்பவன் காண்பதில்லை. தலைக்கு மேல் வெயில் அடிக்கும். காலடியில் வெள்ளம் வரும். நில அமைப்பை அறிவது தேர்வு எழுதுவதற்காக மட்டுமன்று, உயிர் தப்புவதற்காகவும்தான்.

கேள்வி கேட்ட அந்த மாணவன் இன்று நடுவயதினன். சில ஆண்டுகளுக்கு முன் அவனைச் சாத்தூர்ப் பேருந்து நிலையத்தில் சந்தித்தேன். அன்று விடை சொல்லாததற்கு வருத்தம் தெரிவித்து, இரண்டு மண்ணின் பிறப்பையும் விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் கேட்டதே மறந்துபோச்சு சார்" என்றான். கேட்டவன் மறந்துவிடுவான், கேட்கப்பட்டவன் மறக்கலாகாது. அதுவே ஆசிரியத் தொழிலின் அறம் என்று கருதுகிறேன்.

நேயர்களே! இன்றிரவு உணவு உண்ணும் வேளையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். "குழாயிலிருந்து" என்று சொன்னால் கோபியாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச்சென்று, கண்மாயின் கலுங்கையும் அது நிறையும் வரத்துக்காலையும் மேற்கே நீலமாய்த் தெரியும் மலையையும் காட்டுங்கள். அவ்வாறு ஒருமுறை கண்ட பிள்ளை, வளர்ந்தபின் வரத்துக்காலை அடைத்து வீடு கட்டமாட்டான் என்பது என் நம்பிக்கை.